மெழுகுத் தொட்டியும் கப்பல் ஹாரனும்

ஹீட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "ஒங்க சாதனையைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று செயலாளர் கேட்டார். உட்கார்ந்து யோசித்ததில் அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. சொதப்பல் என்று கேட்டிருந்தால் ஒரு குயர் நோட்டு போதாது. அதனால் சொதப்பலில் தொடங்கிச் சாதனையில் முடிகிற ஒரே ஒரு கதையைத் தருகிறேன். இடையில் நான் முட்டாளாகத் தெரிகிற இடங்கள் சில வரும். அச்சுப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

தூத்துக்குடி வெயிலில் சூடு விற்றுப் பிழைத்தவன் நான். முதலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ரிப்பேர் பட்டறையில் வயரிங் வேலை. பிறகு சொந்தப் பட்டறை. மக்ரூன் காயவைக்கிற பெட்டி, கருவாடு உலர்த்துகிற அலமாரி, கோழி முட்டை பொரிக்கிற பெட்டி என்று கம்பெனி மெஷின் வாங்க முடியாதவர்கள் வந்து கையால் காற்றில் படம் வரைந்து காட்டுவார்கள். நான் அதைத் தகரத்திலும் ஹீட்டர் காயிலிலும் செய்து கொடுப்பேன். "ஊரே வெந்துகிட்டுக் கெடக்கு, இதுல நீங்க வேற சூடு விக்கப் போறீகளாக்கும்" என்று என் மனைவி தினமும் காலையில் வழியனுப்பி வைப்பாள்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். வேம்பார் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஜெசிந்தா என்று ஓர் அம்மா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். ஊரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து மெழுகுதிரி செய்துகொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரக் கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் அவர்கள் திரிதான். விறகு அடுப்பில் மெழுகு உருக்கிப் புகையில் கண் கலங்கிப் போய், கரண்டில் ஓடுகிற ஒரு தொட்டி வேண்டும் என்று கேட்டார். வேலை செய்த கூடம் ஊர்க்கோயிலுக்குச் சொந்தம். ஊர்க்கமிட்டி மனசு வைத்துக் கொடுத்திருந்தது.

மெழுகுத் தொட்டி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பெரிய தொட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். ஹீட்டர் தண்ணீரைச் சுடவைக்கும், தண்ணீர் மெழுகை உருக்கும். தண்ணீர் இருக்கிறவரை ஆபத்து இல்லை. அது வற்றிப்போனால் ஹீட்டர் சிவக்கும், உள்தொட்டியின் அடி காயும், மெழுகு புகையும், பிறகு பற்றும். ஆகவே தண்ணீர் குறைந்தால் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊருக்கே தெரிகிற மாதிரிதான் செய்தேன். தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்க ஒரு மிதவை. அது கீழே போனால் அலாரம். பத்து ரூபாய் பஸ்ஸர் வைத்தால் என் கௌரவம் என்ன ஆவது? பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு ஹாரன் கிடைத்தது. ஏதோ இழுவைக் கப்பலில் இருந்தது. பட்டறையில் அதைச் சோதித்தபோது எதிர்க்கடை டீ மாஸ்டர் கிளாசைக் கீழே போட்டார். அதைத் தரச்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. போர்வெல் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க உப்புக் காரை படியும். இரண்டே வாரத்தில் காரை பிடித்து மிதவை கீழேயே மாட்டிக்கொண்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, ஹாரன் அலறியது. சாயங்காலம், கோயிலில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்த நேரம்.

கடற்கரை ஊரில் கப்பல் ஹாரன் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தொட்டியில் மாட்டும்போது மட்டும் தெரியவில்லை. கடலுக்குப் போன போட்டு ஏதோ ஆபத்தில் சிக்கிவிட்டது என்று ஊரே கரைக்கு ஓடியது. முன்னால் ஓடியவர் ஊர்க்கமிட்டித் தலைவர். ஒரு கையில் வேட்டி, மறு கையில் டார்ச். கடல் அமைதியாகக் கிடந்தது. சத்தம் பின்னால் மெழுகுக் கூடத்திலிருந்து வந்தது.

மறுநாள் போய் மிதவையைச் சுரண்டிவிட்டு வந்தேன். அடுத்த பத்து நாளில் மறுபடி அலறியது. மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை யாரும் ஓடவில்லை. கூடத்து வாசலில் வந்து நின்று கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலாவது தடவை ஹாரனே அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் தண்ணீர் உண்மையில் வற்றியிருந்தது.

செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடத்துச் சுவர் ஆள் உயரத்துக்குக் கருத்திருந்தது. தொட்டியின்மேல் திருவிழாச் சாப்பாடு ஆக்குகிற அண்டாவின் மூடி கவிழ்ந்து கிடந்தது. மெழுகு பற்றியதும் ஒரு பெண் பதறிப்போய்க் குடத்துத் தண்ணீரை ஊற்றப் போயிருக்கிறாள். எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் நெருப்பு கூரைவரை போகும். ஜெசிந்தா அக்கா அவள் கையைத் தட்டிவிட்டு, மெயினை இறக்கி, அண்டா மூடியைத் தள்ளி மூடியிருக்கிறார். காலமெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரித்தவருக்கு அது தெரிந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. அக்காவின் இடப் புருவம் மட்டும் பாதி காணோம்.

நான் ஹாரனைக் கழற்றிப் பார்த்தேன். வாய் நிறையப் பழைய சேலைத் துணி. எனக்குப் பொங்கிவிட்டது.

"இதுல துணிய வச்சு அடைச்சது யாரு?"

"நாந்தான்" என்றார் அக்கா.

"ஒரு அலாரத்தோட வாயை அடைக்கலாமா? எதுக்கு வச்சிருக்குன்னு தெரியாதா?"

"ஏன் அண்ணாச்சி, மூணு தடவ பொய் சொன்னவன் வாயை யாரும் அடைக்கத்தான செய்வா?" அவர் பாதிப் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். "கத்துததுக்கு எங்க ஊர்ல ஆளுக்குக் கொறைவில்ல. எங்க மாமியா ஒருத்தி போதும். நிறுத்துததுக்கு ஒரு ஆள வைங்க."

இருபது வருஷம் கம்பெனிப் புத்தகங்கள் படித்துக் கிடைக்காதது அந்த ஒரு வரியில் கிடைத்தது. அலாரம் மனுஷனிடம் முறையிடுகிறது. மனுஷன் ஜெபமாலையில் இருக்கலாம், கரைக்கு ஓடியிருக்கலாம், அலுத்துப்போயும் இருக்கலாம். சூடு மீறினால் கரண்டைத் தானே அறுக்கிற கட்-ஆஃப் யாரிடமும் முறையிடாது. நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். இத்தனை நாளும் எனக்குச் சத்தம் போடுவது பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம் மேல்தான் தப்பு என்று சொல்லத் தெரியாமல் அன்று துணியின் மேல் கோபப்பட்டேன்.

தலைவர் வந்து தீர்ப்புச் சொன்னார். "பாருங்கவே, கோயில் கூடம் இது. இன்னொருக்க புகை வந்துச்சுன்னா மிஷினும் வெளிய, நீங்களும் வெளிய." எட்டுப் பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு வேறு கூடம் கிடையாது. வீடுகளுக்குள் மெழுகு உருக்க முடியாது. கூடம் போனால் தொழில் போயிற்று.

இரண்டாவது தொட்டியை நான் கொஞ்சம் அடக்கத்தோடு செய்தேன். உள்தொட்டியின் அடியில் ஒட்டினாற்போல ஒரு கட்-ஆஃப். நூற்றுப் பதினைந்து டிகிரி தாண்டினால் ஹீட்டருக்குப் போகிற கரண்டை அறுத்துவிடும். தானாகத் திரும்பச் சேராது. ஒரு பொத்தானைக் கையால் அமுக்கினால்தான் உண்டு. மிதவையைத் தூக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரிய வெளியே ஒரு கண்ணாடிக் குழாய். ஹாரனுக்குப் பதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. பொத்தான் இருக்கிற கட்-ஆஃப் பெட்டியைத் தொட்டியின் மேல், ஆவி போகிற துளைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் அறிவாளித்தனம் எதுவும் இல்லை. துளை போட இடம் அங்கேதான் மிச்சமிருந்தது.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த திருவிழா வந்தது.

கொடியேற்றத்தன்று காலை அக்காவிடமிருந்து போன். "அண்ணாச்சி, ஒங்க ஆளு நின்னு நின்னு போறான். பொத்தான அமுக்குதோம், பத்து நிமிசம் ஓடுது, மறுபடி நிக்குது. சாயந்திரம் ஊர்வலத்துக்குத் திரி பாதிதான் ஆயிருக்கு."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். கடல் காற்றில் கட்-ஆஃப் துருப்பிடித்திருக்கும். கையில் புதுசு ஒன்று இருந்தது. போனதும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் முக்கால் உயரத்துக்கு நின்றது. மெழுகில் வைத்த தெர்மாமீட்டர் எழுபது காட்டியது. எல்லாம் சரி. தொட்டியை அணைத்து ஆறவிட்டு, பழைய கட்-ஆஃபைக் கழற்றிப் புதுசை மாட்டினேன். பத்து நிமிஷம் ஓடியது. நின்றது.

இப்போது ஒரு புத்திசாலி என்ன நினைப்பான்? நான் நினைத்தது, இந்தச் சரக்கே மட்டம் என்று. இரண்டு கட்-ஆஃபும் கெட்டவை, நான் ஒருவன்தான் நல்லவன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தலைவர் வந்துவிட்டார். பின்னாலேயே கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர்.

"என்னவே, ஆறு மணிக்குக் கொடி. திரி எங்க?"

"கட்-ஆஃபு கொஞ்சம் தகராறு பண்ணுது."

"அத எடுத்துப்போட்டுட்டு டைரக்ட் பண்ணி விடும். ரெண்டு மணி நேரந்தான? எங்க போட்டுல எத்தன தடவ டைரக்ட்ல ஓட்டிருக்கோம்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன தடவ கத்திக்கிட்டே கெடந்துச்சு. இந்தத் தடவ ஓடவே மாட்டேங்குது. நீரு ஒரு தடவையாச்சும் ஒழுங்கா செய்வீரா, இல்ல நாங்க டவுன்ல திரி சொல்லிறட்டுமா?"

டவுனில் திரி சொல்வது என்றால் என்னவென்று எட்டுப் பெண்களுக்கும் தெரியும். ஒரு திருவிழாவுக்கு டவுனுக்குப் போனால் அடுத்த திருவிழாவுக்கும் போவார்கள். பிறகு இந்தக் கூடம் எதற்கு? அக்கா திரி வார்க்கிற அச்சுக் குழாய்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதை எழுதக் கொஞ்சம் கூசுகிறது. நான் பையிலிருந்து வயரை எடுத்தேன். இரண்டு அங்குலம் வெட்டினேன். இரண்டு பக்கமும் தோலைச் சீவினேன். அந்தத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு, கட்-ஆஃப் பெட்டியைத் திறக்கத் தொட்டியின் மேல் குனிந்தேன். கட்-ஆஃபைத் தாண்டிப் போகிற பாலத்தை அதைச் செய்தவனே போடப் போனான்.

குனிந்தால், திருகு தெளிவாகத் தெரிந்தது.

அதுதான் இடித்தது. அந்த இடத்தில் குனிந்தால் எப்போதும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பேன். இன்று கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பக்கத்துத் துளையிலிருந்து ஒரு துளி ஆவி வரவில்லை. புறங்கையைக் காட்டினேன். காய்ந்த சூடு அடித்தது, தோசைக்கல்லில் அடிக்கிற மாதிரி.

அப்போதுதான், இருபது வயதிலேயே படித்த ஒன்று ஞாபகம் வந்தது. திறந்த தொட்டியில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் இருக்கிறவரை கட்-ஆஃபுக்கு நூற்றுப் பதினைந்தைப் பார்க்க வழியே இல்லை. பார்த்துவிட்டது என்றால் தண்ணீர் இல்லை.

ஒரு விளக்குமாற்றுக் குச்சியைத் துளைவழியே அடிவரை விட்டு எடுத்தேன். சொட்டு ஈரம் இல்லை. நுனி கருகியிருந்தது.

"அப்ப இது என்னது?" கண்ணாடிக் குழாயைக் காட்டினார் தலைவர். தண்ணீர் முக்கால் உயரத்தில் அழகாக நின்றது.

குழாயைத் தொட்டியோடு சேர்க்கிற துவாரத்தில் உப்புக் காரை அடைத்திருந்தது. குழாயில் நின்றது என்றைக்கோ மாட்டிக்கொண்ட தண்ணீர். தொட்டி வற்றியும் அது வற்றவில்லை. தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை. மேலே புதிதாகப் போட்ட மெழுகின் சூட்டைச் சொன்னது. அடியில் நடந்தது அதற்குத் தெரியாது. அடியில் நடந்ததைப் பார்த்தவன் கட்-ஆஃப் ஒருவன்தான். அவனைத்தான் காலையிலிருந்து ஆளாளுக்குப் பொய்யன் என்று திட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கூடத்தில் ஆறு மணிக் கொடிக்குப் போகவேண்டிய அவசரம் இல்லாதவனும் அவன் ஒருவன்தான்.

வாயிலிருந்த வயரை எடுத்து ஜேபிக்குள் போட்டேன்.

"சரி, தண்ணிய ஊத்தி ஓட்டும்" என்றார் தலைவர்.

"இப்ப ஊத்தினா ஹீட்டர் எலிமென்ட் வெடிக்கும், ஆவி மூஞ்சில அடிக்கும். ஆறணும். ஆறி மறுபடி சூடேற மூணு மணி நேரம் ஆகும்."

"மூணு மணி நேரமா? அப்ப கொடி?"

"கொடி ஏறும். திரி வராது."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்ன வாக்கியங்களில் அது ஒன்று. சொல்லிவிட்டு, கமிட்டி என்னைத் தூக்கிக் கடலில் போடுமா, கரையிலேயே வைத்துக் கவனிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா துணியைக் கீழே வைத்தார்.

"ஏளா, அந்த மீன் வெட்டுற கத்திய எடு" என்றார் பக்கத்துப் பெண்ணிடம்.

தலைவர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஆன திரி அம்புட்டையும் இங்கன கொண்டாங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டா வெட்டணும். கீழ்ப் பாதிக்கு மெழுக ஒரு விரக்கடை சீவி நூல வெளிய எடுங்க. பாதி நீளந்தான் இருக்கும். ஆனா எல்லார் கையிலயும் இருக்கும்."

"பாதித் திரியா? ஊர் சிரிக்கும்" என்றார் தலைவர்.

"சிரிக்கட்டும் அண்ணன். போன வருசம் இந்தக் கூடத்துல நெருப்புக்குப் பக்கத்துல நின்னது நானு. சிரிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது."

எட்டுப் பெண்களும் உட்கார்ந்து வெட்டினார்கள். நானும் உட்கார்ந்து சீவினேன். கோணல் மாணலாகச் சீவுகிறேன் என்று என்னிடமிருந்து கத்தியை வாங்கிவிட்டார்கள். தலைவர் அந்தக் கருகிய குச்சியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் எல்லோர் கையிலும் திரி இருந்தது. அந்த வருஷம் ஊர்வலம் மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தது. திரி கையைச் சுடுவதற்குள் கோயிலுக்குத் திரும்பியாக வேண்டுமே.

மறுநாள் தொட்டியைப் பிரித்தோம். எலிமென்ட் வெளுத்து, உள்தொட்டியின் அடி நீலம் பாய்ந்திருந்தது. தலைவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"டைரக்ட் போட்டிருந்தா..." என்றவர், எட்டுப் பெண்களையும் ஒருமுறை பார்த்தார். "கூடம் ஒங்களுக்குத்தான். இந்தச் சாமான மட்டும் இவரு சொல்லுத மாதிரியே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு நான் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். ஜேபியிலிருந்து வயரை எடுத்துக் காட்டினேன். "நேத்து இத வெட்டிட்டேன்க்கா."

"நீங்க வெட்டும்போதே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சும்மா நின்னீங்க?"

"போடுறதுக்குள்ள கையைப் புடிச்சிருப்பேன். புடிக்க வேண்டி வருதா இல்லையான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

வயரை மறுபடி ஜேபிக்குள் போட்டேன்.

அதன்பிறகு அந்தத் தொட்டியில் கண்ணாடிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வழி வைத்தேன். வாரம் ஒருமுறை குச்சி விட்டு ஆழம் பார்ப்பது அவர்களே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். எத்தனை டிகிரியில் வைப்பது, எந்த ரிலே போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது, கட்-ஆஃப் நிறுத்திய பிறகு வருகிற முதல் அரை மணி நேரத்தைப் பற்றி. சுற்றிலும் ஆள் நிற்பார்கள். ஒரு கொடியோ கல்யாணமோ லாரியோ காத்துக்கொண்டிருக்கும். உங்கள் பையில் வயர் இருக்கும். அதை இணைக்க இரண்டு நிமிஷம் போதும். அது ஏன் நிறுத்தியது என்று தெரிகிறவரை அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்காதீர்கள். நான் செலவழிக்க ஒரு நூலிழைதான் பாக்கியிருந்தது. காப்பாற்றியது என் படிப்பு அல்ல, கிட்டப் பார்வை.

நான் பட்டறையை மூடியபிறகு, போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று கூடத்துக்குள் நுழைந்தேன். அதே தொட்டி. பெயின்ட் மட்டும் புதுசு. ஜெசிந்தா அக்கா மகளைப் பார்க்க வெளியூருக்குப் போயிருந்தார். இருபத்தைந்து வயதில் ஒரு பெண் தொட்டிக்கு முன்னால் நின்றாள். என்னை அவளுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டி நின்றிருந்தது. அவள் கையில் குச்சி.

எனக்குள் இருக்கிற பழைய குரங்கு அவளைச் சோதித்துப் பார்க்காமல் சும்மா இருக்குமா?

"என்ன தாயி, நின்னு போச்சா? எனக்கு இந்த வேலை தெரியும். ஒரு வயர் இருந்தாக் குடு, டைரக்ட் பண்ணி விடுதேன். ரெண்டே நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டிமேல் கையை வைத்தேன்.

அவள் குச்சியால் என் விரல் மேலேயே ஒன்று போட்டாள்.

"யாருவே நீரு? கைய எடும். ஏன் நின்னுச்சுன்னு பாக்காம எவனாயிருந்தாலும் இதத் தொடக் கூடாது. அந்தா, வாசலுக்கு அங்கிட்டுப் போய் நில்லும்."

விரலைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அவள் குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழம் பார்க்கத் தொடங்கினாள். நான் செய்த தொட்டியிலிருந்து என்னையே வெளியே துரத்திவிட்டாள். எத்தனையோ மேடையில் எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வாசலில் நின்றதைப் போல எந்த மேடையிலும் நான் நிமிர்ந்து நின்றதில்லை.